நக்ஷாபாபு

அவருடைய மேஜையில் தாள்கள் இரண்டு அடுக்காக இருக்கும். பென்சிலில் வரைந்தவை இடப்பக்கம், மையிட்டவை வலப்பக்கம். இடப்பக்கத்திலிருந்து ஒரு தாள் வலப்பக்கம் போய்ச் சேர மூன்று மாதம்கூட ஆகும். எல்லாம் ஹூக்ளி ஆற்றின் படங்கள். தண்ணீருக்கு அடியில் மணல் திட்டு எங்கே இருக்கிறது, கப்பல் போகும் வழியில் எங்கே எத்தனை அடி ஆழம் என்று காட்டுபவை. அந்த ஆற்றில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. போன மாதம் கப்பல் போன வழியில் இந்த மாதம் கப்பல் தரை தட்டும். தட்டிய கப்பலைச் சுற்றி ஓடும் நீர் அடிமணலை அரித்துக்கொண்டே இருக்கும். ஒரே நாளில் கப்பல் புரண்டு மணலுக்குள் போய்விடும். அதனால் ஆழம் பார்க்கும் படகுகள் தினமும் போகும். அவை கொண்டுவரும் எண்களைப் படத்தில் ஏற்றுவது அவர் வேலை.

ஒரே இடத்துக்கு ஒரே எண் இரண்டு வெவ்வேறு நாள் வந்தால்தான் மையைத் தொடுவார். சந்தேகம் வந்தால் தாமே படகில் ஏறிப்போய், ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தாமே இறக்கிப் பார்த்துவிட்டு வருவார். எதுவும் தெரியாத இடத்தை வெள்ளையாக விட்டுவிடுவார்.

"வெள்ளையா விட்டா மாலுமி பயப்படுவான். பயந்தா மெதுவாப் போவான். தப்பா ஒரு எண்ணைப் போட்டா தைரியமாப் போய்ச் சாவான்" என்பார்.

நான் எண்பதைத் தாண்டிவிட்டேன். அவர் சாவில் எனக்குப் பங்கு உண்டு. அதை இனியும் சொல்லாமல் இருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

தலைநகரம் கல்கத்தாவை விட்டு டில்லிக்குப் போவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. கிடர்பூர் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் அவர் படம் வரைபவர், நான் கடிதப் பிரிவில் குமாஸ்தா. வெளியே போகும் கடிதங்களுக்கு நகல் எழுதி, துரையிடம் கையெழுத்து வாங்குவேன். பி.ஏ. படித்திருந்தேன், இங்கிலீஷ் நன்றாக வரும் என்ற கர்வமும் இருந்தது. இருவரும் பவானிப்பூரில் ஒரு தமிழ் மெஸ்ஸில் ஒரே அறையில் இருந்தோம். என் மனைவி ஊரில் என் பெற்றோரோடு இருந்தாள். அவருக்கு ஊரில் யாரும் இல்லை என்றார்கள். வரைபடத்துக்கு அங்கே நக்ஷா என்று பெயர். தெருவில் இருந்த வங்காளிகள் அவரை நக்ஷாபாபு என்று கூப்பிட, மெஸ்ஸிலும் அதுவே நிலைத்துவிட்டது.

குள்ளமான மனிதர். அடங்கிய குரல், மெல்லிய மீசை. யாராவது ஒரு செய்தி கொண்டுவந்தால் முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "பார்த்தீரா, கேட்டீரா?"

வைஸ்ராய் வண்டி சௌரங்கி ரோட்டில் கவிழ்ந்துவிட்டது என்று ஒருநாள் சமையற்காரர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"பார்த்தீரா, கேட்டீரா?"

"டிராம்ல சொன்னா."

"அப்போ டிராம்ல சொன்னான்னு சொல்லும். வண்டியைக் கவுக்காதீர்."

மெஸ் முழுக்கச் சிரித்தது. சமையற்காரர் ஒரு வாரம் அவருக்கு ரசத்தைத் தெளிவாகவே ஊற்றினார்.

அவர் ஒரு சாக்குக்கூடச் சொல்லமாட்டார். சனிக்கிழமை காலை முற்றத்தில் எல்லோரும் கோவணத்தோடு உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொள்வோம். ஒருவர் முதுகை ஒருவர் தேய்ப்போம். அவர் மட்டும் விடியற்காலையில் எல்லோருக்கும் முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு குளித்துவிடுவார். வேறு ஒருவராக இருந்தால் ஜலதோஷம் என்றோ எண்ணெய் ஒத்துக்கொள்ளாது என்றோ சொல்லித் தப்பித்திருப்பார்.

"வாரும் ஓய்" என்று பஞ்சு மாமா வாரா வாரம் கூப்பிடுவார். கணக்கு இலாகாவில் பெரிய உத்தியோகம் அவருக்கு, மெஸ்ஸுக்கும் அவர்தான் தலைவர். "உம்ம முதுகிலே என்ன புதையலா வெச்சிருக்கீர்?"

"இஷ்டமில்லை மாமா."

"ஏன் இஷ்டமில்லை?"

"அதைச் சொல்லவும் இஷ்டமில்லை."

பஞ்சு மாமாவுக்கு முகம் சிவந்துவிடும். அந்தக் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள நான்தான் கிடைத்தேன். நாங்கள் இருவரும் ஒன்றாக அலுவலகம் போய் ஒன்றாகத் திரும்புவோம். சாப்பாட்டுக் கூடத்தில் நுழைந்ததும், "தம்பதி வந்தாச்சு. இலையைச் சேர்த்துப் போடும்" என்பார். பந்தி சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவர் சிரிக்கமாட்டார், கோபப்படவும் மாட்டார். சாதத்தைப் பிசைய ஆரம்பித்துவிடுவார். எனக்கு அந்தச் சிரிப்பு இரவு வரை காதில் இருக்கும்.

ஒருமுறை எங்கள் துரை, வெள்ளையாக விட்டிருந்த ஓரிடத்தில் ஓர் ஆழத்தைப் போட்டு மையிடச் சொன்னார். படம் அச்சுக்குப் போக வேண்டும், படகு இயந்திரக் கோளாறில் நின்றிருந்தது.

"தெரியாது சார்" என்றார் இவர்.

"போன வருஷப் படத்தில் இருக்கிறதே!"

"போன வருஷ ஆறு போன வருஷத்தோடு போய்விட்டது சார்."

படம் வெள்ளை இடத்தோடுதான் போயிற்று. அடுத்த மாதம் அதே இடத்தில் ஒரு சரக்குப் படகு மணலில் ஏறி இரண்டாக உடைந்தது. துரை அவரைப் பாராட்டவில்லை. அன்றிலிருந்து அவர் வணக்கம் சொன்னால் பதில் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தின் தெற்கே பெஹாலாவுக்குப் போவார். அங்கே பிரம்ம சமாஜத்தார் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதன் சுவருக்குப் பெரிய இந்தியப் படம் ஒன்று வரைந்து கொடுக்கப் போனவர், படம் முடிந்த பிறகும் போய்க்கொண்டிருந்தார். அங்கே ஆசிரியையாக இருந்த ஓர் அம்மாள், பன்னிரண்டு வயதில் விதவையாகி, அண்ணன் தயவில் படித்தவர். ஒரு வருஷம் கழித்து, மழை விட்ட ஒரு மாலையில், பெஹாலாவிலிருந்து இருவரும் நடந்து வரும்போது கிடர்பூர் பாலத்தின் மேல் நின்று அவர் என்னிடம் சொன்னார். அந்த அம்மாளைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாராம். அதற்கு முன் என்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமாம்.

ஆழம் பார்த்த எண்களைப் படிப்பதுபோலச் சொன்னார்.

"நான் பொறந்தப்போ மருத்துவச்சி பொண்ணுன்னு சொன்னா. பொண்ணுன்னே வளர்த்தா. ஏழு வயசுல கல்யாணம் பண்ணி வெச்சுட்டா. அவனுக்குப் பன்னிரண்டு வயசு. கல்யாணத்தன்னிக்குப் பார்த்ததோட சரி. பதிமூணு வயசுல, பெரியவளாவேன்னு எல்லாரும் காத்திண்டிருக்கறச்சே, குரல் உடைஞ்சுது. அப்புறம் மீசை. என் உடம்பு ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சம் வெச்சிண்டு பொறந்திருக்கு. ஆனா நான் ஆம்பளைன்னு எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும். அம்மா பயந்து போய் ஆறு மாசம் உள்ளறையிலேயே வெச்சிருந்தா. அப்புறம் மாமா வந்து பின்னலை வெட்டி, வேட்டி கட்டி, மதராஸ்ல பள்ளிக்கூடத்துல சேர்த்துட்டார். மாமாவும் இல்லை, அம்மாவும் இல்லை. இப்போ உமக்கும் அந்த அம்மாளுக்கும்தான் தெரியும்."

"அந்த அம்மாள் என்ன சொன்னாள்?" என்று கேட்டேன்.

"அவளையும் யாரும் கேக்காமத்தான் கல்யாணம் பண்ணி வெச்சாளாம். நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டீர்கள், இனி ரிஜிஸ்திரார் என்ன கேட்பார் என்று பாருங்கள்னு சொன்னா."

அங்கேதான் முடிச்சு இருந்தது. விதவைக்கும் வேறு ஜாதிக்காரருக்கும் ரிஜிஸ்திரார் முன்னால்தான் கல்யாணம் நடக்கும். இருவரும் எந்த மதத்தையும் சேர்ந்தவர் அல்ல, இப்போது உயிரோடு இருக்கும் கணவனோ மனைவியோ இல்லாதவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொய்யாக எழுதினால் ஜெயில். பதினான்கு நாள் நோட்டீஸ், அதற்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். அந்தப் படிவத்தை வாங்கி வந்து எல்லாவற்றையும் மையால் நிரப்பி வைத்திருந்தார். மணமானவரா இல்லையா என்ற இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

பவானிப்பூரில் ஒரு வயதான வங்காளி வக்கீலிடம் போனோம். நானும் கூடப் போனேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீங்கள் ஆண் என்றால் அந்தக் கல்யாணம் கல்யாணமே அல்ல. ஆனால் நீங்கள் ஆண் என்று யார் சொல்வது? டாக்டர்கள் சொல்ல வேண்டும், கோர்ட்டு ஒப்ப வேண்டும். நாலு டாக்டர், பின்னால் நாற்பது மாணவர்கள் நின்று பார்ப்பார்கள். அதற்கும் சரி என்றால், அவர்கள் என்ன எழுதுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? மாற்றி எழுதிவிட்டால் நீங்கள் அவனுக்கு மனைவி. இந்த அம்மாளும் போச்சு."

"வேறு வழி?"

"அந்தப் பையன் உயிரோடு இருந்தால், அவனே வந்து இது கல்யாணமல்ல என்று கோர்ட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். செத்துப் போயிருந்தால் எந்தத் தொல்லையும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு இப்போது கணவனும் இல்லை, மனைவியும் இல்லை. ஆட்சேபம் சொல்ல உரிமை உள்ளவனும் இல்லை. பேசாமல் கையெழுத்துப் போடலாம்."

"பேசாமல் போடமாட்டேன்" என்றார் இவர். "ரிஜிஸ்திராரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவர் எழுதிக்கொண்ட பிறகுதான் போடுவேன். நாளைக்கு ஒருவன் வந்து இது செல்லாது என்று அவளைத் தெருவில் நிறுத்தக் கூடாது."

வக்கீல் என்னைப் பார்த்தார். "உங்கள் நண்பர் எப்போதும் இப்படித்தானா?"

"எப்போதும்" என்றேன்.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அவர் ரிஜிஸ்திரார் ஆபீசில் எல்லாவற்றையும் சொல்வார். அங்கே வேலை பார்க்கும் குமாஸ்தாக்களில் இருவர் எங்கள் தெரு. மறுநாள் மெஸ்ஸுக்குத் தெரியும், அதற்கு மறுநாள் எங்கள் ஜில்லாவுக்கே தெரியும். தம்பதி என்று சொன்ன வாய்கள் இனி என்ன சொல்லும்? ஆறு வருஷம் ஒரே அறையில் இருந்தவன் நான். அவருக்கு என்ன ஆகும் என்று அன்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. என்னைப் பற்றித்தான் நினைத்தேன்.

எனக்கு ஒரு மாதம் லீவு வந்தது. அந்தக் கணவன் வீட்டார் இருந்த கிராமம் எங்கள் ஊரிலிருந்து மாட்டு வண்டியில் ஒரு பொழுது. விசாரித்துவிட்டு வரச் சொன்னார்.

"நானே போகலாம். ஆனா என்னைப் பார்த்து யாராவது அடையாளம் கண்டுண்டா வம்பு. உம்மை நம்பலாம். இருக்கானா இல்லையா, அவ்வளவுதான் வேணும்." வண்டிச் செலவுக்குப் பணம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "செத்திருக்கணும்னு வேண்டிக்கறேன் ஓய். என்ன மாதிரி வேண்டுதல் இது?" என்றார்.

புறப்படும் அன்று பஞ்சு மாமா என்னைத் தனியே கூப்பிட்டார். அவருக்கு ரகசியம் எதுவும் தெரியாது. பெஹாலா விஷயம் மட்டும் எட்டியிருந்தது. "அவன் ஒரு அறுத்தவளை, அதுவும் வங்காளத்தியைப் பண்ணிக்கப் போறானாமே. நம்ம பேரைக் கெடுத்துடுவான்டா. நீ சொன்னாத்தான் கேப்பான். எப்படியாவது நிறுத்து" என்றார்.

கிராமத்தில் கணவனின் அண்ணனைப் பார்த்தேன். வாட்டசாட்டமான மனிதர், இனிமையாகப் பேசினார். வீட்டு வாசலில் பெரிய புளியமரம். என்னை ஊஞ்சலில் உட்கார்த்தி, தாமே மோர் கொண்டுவந்து கொடுத்து, வெயிலில் வந்திருக்கிறேன் என்று விசிறவும் செய்தார். வேறு யாருக்கோ சம்பந்தம் விசாரிக்க வந்தவன்போலப் பேச்சை வளைத்துத் தம்பியைப் பற்றிக் கேட்டேன்.

"போய் மூணு வருஷமாச்சு. வாந்தி பேதி."

"ஆம்படையாள்?"

அவர் விசிறுவதை நிறுத்தவில்லை. "ஆம்படையாளா? பதிமூணு வயசுல ஆம்பளை வேஷம் போட்டுண்டு ஓடிப்போயிடுத்து அந்தப் பீடை. வேஷமோ, வேற என்ன கர்மமோ. எங்காத்துத் தாலி கழுத்துல ஏறியிருக்கு. தம்பி போன அன்னிக்கே அவ தலையை மழிச்சு மூலையில உக்கார வெச்சிருக்கணும். எங்கே கண்ணுல பட்டாலும் இழுத்துண்டு வந்து செய்யவேண்டியதைச் செய்வோம். உசிரோட விடறதா இல்லே. இன்னும் கொஞ்சம் மோர்?"

"போறும்" என்றேன்.

"நீங்க எதுக்குக் கேக்கறேள்? எங்கேயாவது பார்த்தேளா?"

"இல்லை."

அந்த ஒரு பதிலைத்தான் இந்த விஷயத்தில் நான் நல்லபடியாகச் சொன்னேன்.

கல்கத்தாவுக்குத் திரும்பும் ரயிலில் மூன்று நாள் யோசித்தேன். செத்துவிட்டான் என்று சொன்னால் அவர் நேரே ரிஜிஸ்திராரிடம் போவார். இருக்கிறான் என்று சொன்னால் இந்த யோசனையை விட்டுவிடுவார், எல்லாம் பழையபடி இருக்கும். யாருக்கும் கெடுதல் இல்லை என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன்.

அறைக்குள் நுழைந்து பெட்டியை வைப்பதற்குள் எழுந்து நின்றார்.

"இருக்கார்" என்றேன்.

"பார்த்தீரா, கேட்டீரா?"

"பார்த்தேன். வாசல்ல புளியமரத்தடியில இருந்தார். நல்ல மாதிரி. உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார்."

அண்ணன் கொடுத்த மோரைச் செத்த தம்பி கையில் கொடுத்துவிட்டேன். பொய்க்கு உயிர் இருக்க வேண்டும் என்று அப்படிச் சேர்த்தேன். கடிதம் எழுதுகிறவன் புத்தி.

அவர் மெதுவாக உட்கார்ந்தார். "நல்லது. இருக்கட்டும். ஒருத்தன் செத்திருக்கணும்னு மூணு மாசமா நெனச்சிண்டிருந்தேன். அந்தப் பாவம் போச்சு" என்றார். முகத்தில் உண்மையாகவே ஒரு தெளிவு வந்தது. நான் வேட்டியை மாற்றும் சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து அவரும் லீவு எழுதிக் கொடுத்தார்.

"எங்கே?"

"அவர்கிட்டதான். வக்கீல் சொன்ன காகிதத்தைக் கேட்டு வாங்கிண்டு வரேன். அவருக்கும் இதிலேருந்து விடுதலைதானே? யாராவது அடையாளம் கண்டுண்டா என்ன பண்றதுன்னு முன்னே பயமா இருந்தது. வந்தவாளுக்கு மோர் கொடுக்கற மனுஷன்னு நீர் சொன்னப்புறம் பயம் போயிடுத்து."

"கடுதாசி போட்டுக் கேட்டா என்ன?"

"இதைக் கடுதாசியிலே கேக்கறதா? மூஞ்சியைப் பார்த்துக் கேக்க வேண்டாமா?"

அப்போது சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். ஹௌரா ஸ்டேஷனில் சொல்லியிருக்கலாம். பெஹாலா அம்மாளும் அண்ணனோடு வழியனுப்ப வந்திருந்தார். தேங்காயும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டைகளை ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

"பதினைந்து நாளில் வரவில்லை என்றால் நானே வந்து இழுத்துக்கொண்டு வருவேன்" என்றார் வங்காளியில்.

"சீக்கிரம் வந்துவிடுவேன். நோட்டீஸுக்கு வேறு பதினான்கு நாள் வேண்டும்" என்றார் இவர். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

நான் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தேன். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். "என்ன ஓய், முகம் ஏன் இப்படி இருக்கு?"

"வெயில்" என்றேன்.

வண்டி நகர்ந்தது. ஓடிப்போய்ச் சொல்லும் வேகத்தில்தான் போயிற்று. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

எட்டாம் நாள் எனக்கு ஒரு கார்டு வந்தது. "சுகமாக இறங்கினேன். வண்டிக்காரனை விசாரித்தேன். நீர் சொன்ன புளியமரம் இருக்கிறதாம். நாளைக் காலை போகிறேன்." அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

பதினைந்து நாள் ஆயிற்று. ஒரு மாதம் ஆயிற்று. பெஹாலா அம்மாள் அலுவலக வாசலுக்கே வந்து, நான் போய்ப் பார்த்து வர முடியுமா என்று கேட்டார். லீவு கிடையாது என்றேன். நான் லீவு கேட்கவே இல்லை. மெஸ்ஸில் பஞ்சு மாமா, "பெண்டாட்டி கோவிச்சிண்டு பொறந்தாத்துக்குப் போயிட்டாளா?" என்று என்னைக் கேட்டார். பந்தி சிரித்தது. சிரித்தேன்.

அந்த அம்மாள் தாமே போனார். அண்ணனோடு, ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல், அந்த வெயிலில். திரும்பி வந்ததும் நேரே என் மேஜைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. இங்கிலீஷில் பேசினார், ஒவ்வொரு சொல்லாக.

"அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் எனக்காகக் கேட்டுச் சொன்னார். ஆண் யாரும் வரவில்லையாம். ஓடிப்போன வீட்டு விதவை ஒருத்தி பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தாளாம். தலையை மழித்து உள்ளறையில் வைத்தார்களாம். மூன்றாம் நாள் ஜுரத்தில் போய்விட்டாளாம். காரியங்களை எல்லாம் முறைப்படி செய்துவிட்டார்களாம். தகர டப்பா வாசலில் கிடந்தது."

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கணவன் செத்து மூன்று வருஷம் ஆயிற்றாம். இதைச் சித்திரை மாதமே, சம்பந்தம் விசாரிக்க வந்த ஒருவரிடம் சொல்லியிருக்கிறார்களாம். மோர்கூடக் கொடுத்தார்களாம்."

அவர் என் பதிலுக்கு நிற்கவில்லை. அவருக்கு அப்போது என்னைத் தண்டிப்பதைவிட முக்கியமான வேலை இருந்தது. அங்கே போலீஸ், ஆண் யாரும் காணாமல் போகவில்லை, ஒரு பெண் ஜுரத்தில் செத்தாள், இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று அனுப்பிவிட்டது. அவர் ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்கு மனுப் போட்டிருந்தார். செத்தவர் ஓர் ஆண், கல்கத்தாவில் உத்தியோகத்தில் இருந்தவர், அவரைப் பெண் என்று சொல்லி எரித்துவிட்டார்கள் என்று. அது நிலைத்தால் கொலை விசாரணை நடக்கும். நிலைக்காவிட்டால், ஒரு வீட்டு விதவை அந்த வீட்டிலேயே செத்தாள், அவ்வளவுதான்.

மாஜிஸ்திரேட் எங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். இன்னார் உங்களிடம் வேலை பார்த்தது உண்டா? அவர் ஆண்தானா? உறுதிப்படுத்தவும்.

கடிதம் என் மேஜைக்குத்தான் வரும். வந்தது. துரையிடம் எடுத்துப்போனேன்.

"ஆணா? நான் பார்த்தேனா என்ன?" என்றார் துரை. "உன் அறையில்தானே இருந்தான்? உனக்குத்தானே தெரியும்? நீயே எழுது, கையெழுத்துப் போடுகிறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு குமாஸ்தாக்களும் சிரித்தார்கள். அதே சிரிப்பு.

அவருடைய பணிப்பதிவேடு அலமாரியில் இருந்தது. அதில் ஆண் என்று எழுதியிருக்கும். நான் அலமாரியைத் திறக்கவில்லை. இன்னார் இங்கே படம் வரைபவராக வேலை பார்த்தது உண்மை, அன்னார் ஆணா பெண்ணா என்பது குறித்து இவ்வலுவலகத்துக்கு எதுவும் தெரியாது என்று நல்ல இங்கிலீஷில் எழுதினேன். துரை படிக்காமலே கையெழுத்துப் போட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காகத்தான் அவரை அந்தத் துரைக்குப் பிடிக்காமல் போயிற்று. தெரிந்ததைத் தெரியாது என்று எழுதிய எனக்கு இரண்டு வருஷத்தில் தலைமை குமாஸ்தா பதவி கிடைத்தது.

மாஜிஸ்திரேட் மனுவைத் தள்ளிவிட்டார். அந்த ஊர் இறப்புக் கணக்கில் நக்ஷாபாபு ஒரு விதவை, சாவுக்குக் காரணம் ஜுரம்.

பெஹாலா அம்மாள் கடைசியாக ஒருமுறை வந்தார். எங்கள் பதிலின் நகல் அவர் கையில் இருந்தது.

"இதை எழுதியது யார்?"

"துரை கையெழுத்து அது."

"கையெழுத்தை நான் கேட்கவில்லை."

அந்தத் தாளை என் மேஜைமேல் வைத்தார். விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "அவர் உங்களை நம்பினார் என்பதை நான் குறை சொல்லமாட்டேன். நானும்தான் நம்பினேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அவர் வேறு யாரையும் மணக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்திலேயே இருந்து ஓய்வு பெற்றார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பார்க்கவில்லை, கேள்விதான்.

நான் குடும்பத்தை அழைத்துக்கொண்டு கல்கத்தாவிலேயே டாக்குரியாவில் வீடு கட்டினேன். பிள்ளைகள் வங்காளி பேசி வளர்ந்தார்கள். கௌரவமாக வாழ்ந்தேன், யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அந்த அம்மாள் இப்போது இல்லை. கேள்வி கேட்ட மாஜிஸ்திரேட்டும் இருக்கமாட்டார். கேட்பவர் ஒருவரும் இல்லாத காலத்தில் பதில் எழுதுகிறேன். அவர் ஆண். ஆறு வருஷம் ஒரே அறையில் இருந்தேன், எனக்குத் தெரியும். அவருக்குக் கணவன் இல்லை, மனைவியாக வர ஒருவர் சம்மதித்திருந்தார். இரண்டு மூன்று வரிதான். அன்று அந்தத் தாளில் அதற்கு இடம் இருந்தது.